பென்ஷனுக்கு வைத்த கைநாட்டு

சோலையப்பன் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. குன்றாண்டார்கோவில் பக்கத்து ஆள். பர்மா சண்டையில் ஒரு காலை இழந்து, நாற்பத்தைந்தாம் வருஷம் கட்டைக்காலோடு ஊர் திரும்பினார். இனி ஏர் பிடிக்க முடியாது. பென்ஷன் வந்தால் அடுப்பு எரியும். வராவிட்டால் மனைவி செவந்தி கல் உடைக்கப் போக வேண்டும்.

மனுக் கொடுக்கப் புதுக்கோட்டைக்குப் போனார். பென்ஷன் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் பெட்டியும் பேனாவுமாக ரெங்கசாமி உட்கார்ந்திருந்தான். பட்டாளமும் தெரியாது, சட்டமும் தெரியாது. வாய் மட்டும் வக்கீல் வாய்.

"நேரா உள்ள போனா வெரட்டி விட்ருவாங்க. நான் எழுதித் தாரேன், இங்கிட்டு உக்காருங்க" என்றான். எழுத்துக்கூலியாகச் செவந்தியின் தோடு அவன் கைக்குப் போனது.

பட்டாளத்தில்தான் சோலையப்பன் எழுதக் கற்றிருந்தார். கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார். ரெங்கசாமி தடுத்தான்.

"எழுதத் தெரிஞ்சவன்னா உக்காந்து வேலை பாக்கலாமேன்னு தள்ளிருவாங்க. கைநாட்டு வைங்க. பாவம்னு குடுப்பாங்க."

குண்டுக்குப் பயப்படாத மனிதர், இந்தப் பயலை நம்பிக் கட்டைவிரலை மையில் தோய்த்தார்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பட்டாளத்து ஏட்டில் கையெழுத்து இருக்கிறது, மனுவில் கைநாட்டு இருக்கிறது. இது ஆள்மாறாட்டம், மனு தள்ளுபடி.

கடிதத்தோடு முதன்முறையாக ஆபீசுக்குள் போனார். யாரும் விரட்டவில்லை. நாற்காலி போட்டார்கள். அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பார்த்த குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார்.

"நாங்களே சும்மா எழுதித் தருவோமேங்க! அந்த ஆளுகிட்ட ஏன் போனீங்க? இனிப் புது மனு குடுக்கவும் கெடு முடிஞ்சு போச்சே."

செவந்தி மறுநாளே கல் உடைக்கப் போனாள். சோலையப்பன் வேப்பமரத்துக்கு எதிரே தரையில் போய் உட்கார்ந்தார். வருகிற பட்டாளத்துக்காரர்களிடமெல்லாம், "உள்ள போங்க, காசு கேக்க மாட்டாங்க" என்று சொன்னார். ரெங்கசாமி அசரவில்லை. "பிச்சைக்காரன், புத்தி பேதலிச்சவன். கண்டுக்காதீங்க" என்று சொல்லி வைத்தான். கேட்டவர்கள் அதையே நம்பினார்கள். அழுக்கு வேட்டியும் கட்டைக்காலுமாகத் தரையில் கிடப்பவனை வேறென்னவென்று நினைப்பார்கள்?

ஒரு நாள், ஒரு கை இல்லாத பட்டாளத்துக்காரர் வந்தார். சோலையப்பன் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அவன்கிட்டப் போகாதீங்கண்ணே!"

அந்த மனிதர் இரக்கப்பட்டார். மடியிலிருந்து புதுக்கோட்டைச் சல்லியான ஓர் அம்மன் காசை எடுத்துச் சோலையப்பன் முன்னால் போட்டுவிட்டு, நேரே போய் ரெங்கசாமிக்கு எதிரே உட்கார்ந்தார்.