நிற்க வைத்து எடுத்த அளவு

என் அக்காவின் கணவர் தையல்காரர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தாறு வருடமாக ஊரார் உடம்பை அளந்தவர், ஒரு மேசையை அளக்கத் தெரியாமல் எங்கள் உயிரை வாங்கிவிட்டார்.

அக்கா வேலை பார்த்த அலுவலகத்தை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை ஒன்று வந்தது. மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். தேர்வில் தேறிவிட்டாள். ஆனால் வீட்டில் தனி மேசை இருக்க வேண்டும், கட்டிலில் உட்கார்ந்து அடிப்பதெல்லாம் ஆகாது என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு அம்மாள் நேரில் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் வேலை. இல்லையென்றால் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

புது மேசை வாங்க வழியில்லை. மாமாவும் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம் அது. "நானே செஞ்சு தரேன்," என்று கிளம்பிவிட்டார். இடித்த வீடுகளின் சாமான் விற்கும் இடத்திலிருந்து ஒரு பழைய கதவும் நான்கு மரச்சட்டங்களும் வந்தன. கதவைப் படுக்கப் போட்டால் பலகை, சட்டங்கள் கால்கள். பூட்டு இருந்த ஓட்டை வழியாகக் கணினி ஒயரை விட்டுக்கொள்ளலாம் என்று அதையும் ஒரு வசதியாகச் சொன்னார். பெருமைக்கு மட்டும் அவரிடம் பஞ்சமே கிடையாது.

அக்காவை நிற்க வைத்தார். கழுத்தில் கிடந்த நாடாவை உருவி, இடுப்பிலிருந்து தரைவரை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மேசை தயார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பலகை வழவழவென்று இருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பலகை அவள் தோளுக்கு வந்தது. தலை மட்டும் மேலே, கடையில் எடுத்து வைத்த பூசணிக்காய் மாதிரி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இதுல எப்படிங்க அடிக்கிறது? காலையில அவங்க வந்துடுவாங்களே," என்றாள்.

"மாமா, உட்கார்ந்து வேலை செய்றவங்களை யாராவது நிக்க வெச்சு அளப்பாங்களா?" என்று நான் பாய்ந்தேன்.

"கடைக்கு வரவங்களை எல்லாம் நிக்க வெச்சுத்தானே அளக்கறேன்," என்றார் மாமா. அப்புறம் குரல் இறங்கியது. "அதோட, இவ உட்கார்ந்து நான் எங்க பார்த்தேன்? வீட்டுல எப்பவும் நின்னுக்கிட்டுத்தானே இருக்கா."

எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து இதைக் கண்டுபிடிக்க இவருக்கு ஒரு பழைய கதவு தேவைப்பட்டது.

இந்தத் தடவை அக்காவை உட்கார வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தார். துணியில் போடும் சாக்குக்கட்டியாலேயே நான்கு கால்களிலும் கோடு போட்டார். பிறகு ஒரு விரற்கடை கூட்டி இன்னொரு கோடு. "உள்ள துணி விடற மாதிரி. பெருசா இருந்தா அப்புறம் குறைச்சுக்கலாம். சின்னதாப் போயிட்டா அழ வேண்டியதுதான்," என்றார். கத்தரியை வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அறுத்து முடித்து அவளை உட்கார வைத்தபோது பலகை முழங்கை உயரத்துக்கு வந்து நின்றது.

மறுநாள் அந்த அம்மாள் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். பலகையை அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. அக்காவின் பாதங்கள் தரையில் படிகின்றனவா என்று குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், "இருபது நிமிஷம் அடிங்கம்மா. நடுவுல எழுந்திருக்கக் கூடாது. வீட்டு வேலைன்னு எழுந்து எழுந்து போறாங்க. போன வாரம் ரெண்டு பேரை அதனாலதான் வேணாம்னுட்டோம்," என்றார்.

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சமையலறையில் குக்கர் கத்தியது. அக்காவின் விரல்கள் நின்றன. உடம்பு தானாக நாற்காலியைவிட்டுப் பாதி எழும்பியது. அந்த அம்மாள் பேனாவை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

நான் காலை எடுத்து வைப்பதற்குள் மாமா ஓடினார். தண்ணீர் குடிக்க மட்டுமே அந்த அறைக்குள் போகிறவர். இன்னொரு விசில், எதையோ உருட்டித் தள்ளிய சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. அக்கா மெல்ல உட்கார்ந்தாள். விரல்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. பேனா எதுவும் எழுதவில்லை.

நேரம் முடிந்தது. அந்த அம்மாள் திரையில் இருந்ததை வரிவரியாகப் படித்தார். தாளில் கையெழுத்துப் போட்டார். "திங்கட்கிழமையிலிருந்து வேலை. போதும்மா, எழுந்திருங்க."

அக்கா எழவில்லை.

"கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேனே," என்றாள்.