பந்தி முடிந்து எடுத்த படம்

நான் பத்தாவதோடு நின்றவன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் ஏறி ராய்ப்பூர், ஒடிசா என்று சுற்றினேன். காய்ச்சலில் கிடந்தபோது லாரி என்னை விட்டுவிட்டுப் போன ஊர்களும் உண்டு. இடையில் தனியாக எழுதிப் பன்னிரண்டாவது தேறினேன். முப்பதை நெருங்கும்போது, வாய்ச்சாமர்த்தியம் இருக்கிறது, அதை வைத்துப் பிழைக்கலாமே என்று ஒருவர் சொல்ல, சேலத்தில் ஒரு கல்லூரியில் மக்கள் தொடர்பு டிப்ளமோவில் சேர்ந்தேன்.

அங்கே ஒவ்வொரு மாணவரையும் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள். சனிக்கிழமைகளில் அவர் கூடவே போய் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்தவர் நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி. ஆலை எங்கள் ஊரை ஒட்டித்தான் இருந்தது. அதன் கழிவுநீர் இறங்கிச் சித்தப்பாவின் கிணறு நாறிக்கிடந்தது. ஊரே சேர்ந்து கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தது. முதல் நாளே இதை அவரிடம் சொல்லிவிட்டேன்.

"நல்லதாப் போச்சு தம்பி. உங்க ஊர்ல என்கிட்ட யாரும் நின்னு பேசவே மாட்டேங்கறாங்க" என்றார்.

அவர் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது உண்மை. பத்திரிகைக்குக் குறிப்பு எழுதுவது, கோபமாக வருகிறவரை முதலில் உட்கார வைப்பது, எல்லாம் அவரிடம் பார்த்ததுதான். ஆலையிலேயே ஒரு வேலைக்குச் சொல்லிவைப்பதாகவும் சொன்னார். அதுவரை எனக்கு மேலே இருந்தவர்கள் யாரும் நாற்காலி காட்டிப் பேசியதில்லை. நம்பினேன்.

முனியப்பன் கோயில் கிடாவெட்டு வந்தது. "என்னைக் கூப்பிட மாட்டீங்களா? சாப்பிட்டுட்டு அப்படியே அந்தக் கிணத்தையும் பாத்துடறேன்" என்றார்.

சித்தப்பாவிடம் கேட்டேன். "ஆலைக்காரரா? வரட்டும் சாமி. கோயில் சோத்துக்கு யாரை வேண்டாங்கறது? கெணத்தப் பாக்கறேன்னாருல்ல, அது போதும்."

எங்கள் பக்கம் கிடாப் பந்தியில் வழக்குப் பேசுவதில்லை. முகம் பார்க்காத பங்காளிகள்கூட அன்று பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மறுநாள் பழையபடி பேச மாட்டார்கள். அதைச் சமாதானம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அவர் வந்தார். சின்னம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே, "பயப்படாமச் சாப்பிடுங்க. எங்க கெணத்துத் தண்ணியில ஆக்கலீங்க, டேங்கர் தண்ணிதானுங்க" என்றாள். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

கை கழுவியதும் தன் போனை என்னிடம் நீட்டினார். "எல்லாரும் வாங்க, ஒரு ஞாபகத்துக்கு. தம்பி, நீங்க எடுங்க." சித்தப்பாவின் தோளில் கைபோட்டு நின்றார். எடுத்தேன். உடனே அவருக்கு ஏதோ அழைப்பு வந்தது. "கிணத்த அடுத்த வாரம் பாக்கலாங்க" என்று கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

படிப்பு முடியும் சமயம், தொழில் கற்றுத்தந்தவர்களெல்லாம் கல்லூரிக்கு வந்து மாணவர்களிடம் பேசினார்கள். அவர் முறை வந்தபோது திரையில் அந்தப் படம் விழுந்தது.

"இவங்க எங்க மேல மனு கொடுத்தவங்க. இப்ப எப்படி இருக்கோம், பாருங்க. மனுவ விசாரிக்க அதிகாரிங்க வந்தப்போ இந்தப் படத்தைத்தான் காட்டினோம். எடுத்தது நம்ம தம்பிதான்" என்று என்னைக் காட்டினார். கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்தும் கைதட்டினாள்.

வெளியே அவரைப் பிடித்தேன். "உங்களாலதான் தம்பி. வேலைக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

"கிணறு சார்?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்லையே."

நான் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேருவதற்குள் அவர் பேசியதோடு சேர்த்துப் படம் ஊரில் எல்லார் போனுக்கும் போய்விட்டிருந்தது. சித்தப்பா வாசலில் டேங்கருக்காகக் குடங்களை வரிசை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். போனை என் பக்கம் திருப்பினார்.

"எல்லாரும் இருக்கறோம். உன்னையத்தான் காணோம்."

"நானுங்க சித்தப்பா எடுத்தது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

டேங்கர் ஹாரன் கேட்டது. அவர் எழுந்து இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு நடந்தார். மற்றக் குடங்கள் என் காலடியில்தான் இருந்தன. நான் ஒன்றை எடுத்தேன். "கீழ வெய்யி" என்றாள் சின்னம்மா, உள்ளேயிருந்து.