முடிவு சொல்லாத மச்சம்

உள்ளங்காலில் அதை முதலில் பார்த்தவர் என் கணவர். பள்ளியிலிருந்து வந்து காலை நீட்டிப் படுத்திருந்தேன். "என்னத்த மிதிச்ச? மை அப்பியிருக்கு" என்றார். தேய்த்துக் கழுவியும் போகவில்லை. குதிகாலில் மிளகளவு கறுப்பு, ஓரம் கலைந்து.

நான் தாடிக்கொம்பு பக்கம் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. அவருக்கு அகரத்தில் பூ விவசாயம். இதற்கெல்லாம் மருத்துவரிடம் ஓடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அது இன்னும் பெரிதாகிப் பரவிய பிறகுதான் திண்டுக்கல்லில் தோல் மருத்துவரைப் பார்த்தோம்.

அவர் அதை வெட்டியெடுத்துத் திசு ஆய்வுக்கு (தோல்துண்டை நுண்ணோக்கியில் பார்ப்பது) அனுப்பினார். சாதாரண மச்சமா, மெலனோமாவா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்) என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என அறிக்கை வந்தது. அழுவதா வேண்டாமா என்றே எனக்குத் தெரியவில்லை.

"இன்னும் வெட்டணுமா டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

"மெலனோமான்னா இன்னும் அகலமா எடுக்கணும். தொடையிடுக்குல இருக்கிற நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கான்னும் பாக்கணும். தெரியாம அதச் செய்ய வேணாம். மூலக்கூறு பரிசோதனை செஞ்சு பாப்போம்."

செல்களின் மரபணுக்களில் புற்றுநோய்க்குரிய மாற்றங்கள் இருக்கின்றனவா என்று தேடும் பரிசோதனை அது. மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய துண்டே போதுமாம். வெளியூர் ஆய்வகத்துக்குப் போயிற்று.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் ஓடும்போது கண் அவர்கள் குதிகால்களிலேயே நிற்கும். வீட்டில் அவர், "செத்த நேரம் உக்காரு, வெஞ்சனம் நான் பாத்துக்கிறேன்" என்று கத்தரிக்காய் நறுக்கப் போய்விடுவார். உப்பு கரிக்கும். நான் குறை சொல்லாமல் சாப்பிடுவதைப் பார்த்து இன்னும் பயந்துபோனார்.

"அந்த மாற்றம் எதுவும் இல்லம்மா" என்றார் மருத்துவர், முடிவு வந்த அன்று. "இத மட்டும் வச்சுச் சொல்லல. இன்னொரு நிபுணரும் துண்ட மறுபடி பாத்துட்டார். எல்லாம் சேந்து மச்சம்னுதான் காட்டுது. ஓரத்துல கொஞ்சம் எடுத்துருவோம். அப்பப்ப வந்து காட்டுங்க."

வராந்தாவுக்கு வந்ததும் என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. காலு வரமாட்டேங்குது."

நொண்டிக்கொண்டிருந்த நான்தான் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தேன்.

உங்கள் அறிக்கையிலும் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று எழுதியிருந்தால், அதைக் கெட்ட சேதி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இந்தப் பரிசோதனை எல்லோருக்கும் தேவைப்படாது. சிலருக்குத் தெளிவான பதில் தராமலும் போகலாம். எனக்குத் தந்தது.

தழும்பு ஆறிவிட்டது. இப்போது குளிக்கும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறேன். இத்தனை வருடம் என்னைச் சுமந்ததை இப்போதுதான் அறிமுகம் செய்துகொள்வதுபோல் இருக்கிறது.

போன வாரம் அவர், "அடுத்த வருசம் கெழக்கு வயல்ல சம்பங்கி போடுவமா?" என்றார். காத்திருந்த நாட்களில் நாளைக்கு அப்பால் நாங்கள் எதையும் பேசியதில்லை.

"போடுவோம்" என்றேன். விதைக்கிழங்கு எங்கே வாங்குவது என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.