மூடி திறக்கும் எவாந்தியா

எவாந்தியா எங்கள் ஓட்டலுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், எனக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்தது. அடுத்த காரியம் குளிர்பெட்டியைத் திறந்தது. அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடமாக அந்தச் சமையலறையில் என்னைக் கேட்காமல் யாரும் ஒரு கரண்டியைத் தொட்டதில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் பிழைப்பு அவள் கையில் இருந்தது.

பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு பயண நிறுவனம் இருக்கிறது. மாமிசம் தொடாதவர்களுக்கு எந்தத் தீவில், எந்தக் கடற்கரை ஓட்டலில் நம்பிச் சாப்பிடலாம் என்று தேடிப் பட்டியல் போடுவதுதான் அதன் தொழில். மாமிசம், மீன் இல்லாத சமையலென்றால் ஒரு பச்சைப் புள்ளி. பால், முட்டை, தேன்கூட இல்லாமல் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு. அந்தப் புள்ளியை வைப்பவள் எவாந்தியா. ஏஜியன் கடலில் அவள் மூடி திறக்காத தீவு இல்லை என்பார்கள்.

எங்களுக்குப் பதினான்கு அறைகள். வாசலில் இறங்கினால் மணல். இருந்தும் இரண்டு கோடையாகப் பாதி அறைகளின் ஜன்னலைத் திறக்கவே வேலை வரவில்லை. என் கணவன் சிமோஸின் அண்ணன் ஏதென்ஸில் டயர் கடை வைத்திருக்கிறார். அக்டோபருக்குள் வழி பிறக்காவிட்டால் ஓட்டலை மூடிவிட்டு அங்கே போய்ச் சேருவதென்று பேச்சு. டயர் வாசனையில் கிழவியாவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அதனால் அந்த இரண்டு புள்ளி எனக்கு வேண்டும்.

ஜூன் மாதம், சனிக்கிழமை மாலைக் கப்பலில் வந்தாள். மறுநாள் இரண்டு மணிக் கப்பலில் அடுத்த தீவுக்குப் போக வேண்டும். நாற்பத்துநாலு வயது, ஒல்லி. உட்காரச் சொன்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொடுத்த அறையில் காற்று சத்தம் போடுகிறது என்று வேறு அறை கேட்டாள். அங்கே போனதும் முதல் அறையே தேவலை என்றாள். பெட்டியை மட்டும் எந்த அறையிலும் திறக்கவில்லை.

கொல்லைக் கொடியில் ஒரு ஆக்டோபஸ் காய்ந்துகொண்டிருந்தது. அதன் எதிரே போய் நின்றாள்.

"இது யாருக்கு?"

"உங்க ஆளுங்களுக்குத்தாம்மா!" என்றான் சிமோஸ் பெருமையாக. "தவக்காலத்துலயே சாப்பிடற சாமான். இதுல ரத்தமே கிடையாதே."

"ரத்தம் இல்லாட்டி? அதுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா இல்ல?"

"அம்மாவ நான் பாத்ததில்லையே" என்றான் அவன்.

நான் அவன் காலை மிதித்தேன். நோன்பு நாளில் ரத்தமுள்ளது ஆகாது, ஆக்டோபஸும் கணவாயும் ஆகும். இது எங்கள் ஊரில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வெளியூர்க்காரருக்குச் சமைக்கப் போனால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். எவாந்தியா சிரித்துவிட்டாள், நல்லவேளை. ஆக்டோபஸை அவிழ்த்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

மற்றதெல்லாம் தேறியது. பருப்பு மசியலைச் சுரண்டிப் பார்த்தாள். தக்காளி வடையைப் பிட்டு முட்டை சேர்ந்திருக்கிறதா என்று மோந்தாள். கேப்பர் மொட்டுக் குழம்பை நின்றபடியே இரண்டு தட்டு சாப்பிட்டாள். அப்புறம் கேட்டாள்:

"ஞாயித்துக்கிழமை கொண்டைக்கடலைன்னு எழுதியிருந்தீங்களே, எங்க?"

"மேல ஊருல, நிக்கிதாஸோட ரொட்டி அடுப்புல இருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே போயாச்சு."

"யாரு உள்ள போட்டது?"

"கடலை, வெங்காயம், பிரிஞ்சி இலை, எண்ணெய், மழைத்தண்ணி எல்லாம் அளந்து போட்டது நான். மேல தூக்கிட்டுப் போய் மூடிக்கு மாவு ஒட்டினது இவரு."

"காலைல திறந்து காட்டுவீங்களா?"

"மாவ மேசைலதாங்க உடைப்போம். வழியில திறந்தா ஆவி போயிடும். அப்புறம் அது எங்க கடலையே இல்ல, வெறும் அவிச்ச கடலை."

அவள் முகம் சுருங்கியது. திறக்க முடியாத மூடி அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் என்று நினைக்கிறேன்.

சாப்பிட்ட பிறகு மணலில் நடந்துகொண்டே தன் கதையைச் சொன்னாள். கூட நடந்து நடந்து என் முட்டி விட்டுப்போயிற்று. சீரோஸ் தீவில் பிறந்தவள். அப்பா பயணிகள் கப்பலில் சமையல்காரர். கறி வேகவைத்த சாற்றை எல்லாப் பாத்திரத்திலும் ஊற்றிவிட்டு, கேட்பவர்களிடம் "வெறும் காய்தான்மா" என்று சத்தியம் செய்வாராம். பதினேழு வயதில் இவள் மாமிசத்தை விட்டாள். அப்பா பரிமாறுவதையும் சேர்த்து விட்டாள். ஒரு பளிங்குக் கொத்தனைக் கட்டிக்கொண்டு நாலு வருடம் இருந்தாள். "நீ வீட்டுல இருக்கும்போதும் கப்பலுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருக்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை என்றாள்.

போன கோடையில் வேறொரு தீவில் சமையல்காரர் ஒருவர் கண்ணைப் பார்த்து "ஒண்ணும் சேக்கலை" என்றாராம். நம்பி இரண்டு புள்ளி வைத்தாள். சூப்பில் கோழிச்சாறு இருந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து மாமிசம் தொடாத ஒரு பெண் அதைக் குடித்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் நாளெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறாள். அவள் எழுதிய கடிதம் எவாந்தியாவின் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினாள். ஒரே வரி: 'உங்கள் புள்ளியை நம்பித்தான் சாப்பிட்டேன்.'

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா என்னைய வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. அதுகூடப் பரவால்ல" என்றாள். "இந்தக் கடுதாசிக்குப் பக்கத்துல இன்னொண்ணு வந்துடக் கூடாது."

எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. இப்படிப்பட்டவளிடம் மூடி திறக்காதே என்று எப்படிச் சொல்வது?

ஞாயிறு காலை நான் கோயிலுக்குப் புறப்பட்டுத் தலைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். மேட்டுப் பாதையிலிருந்து எவாந்தியா ஓடிவந்தாள். விரல்களில் மாவு உதிர்ந்து ஒட்டியிருந்தது.

"உங்க சட்டியில எலும்பு இருக்கு" என்றாள்.

"என் சட்டியிலயா?"

"திறந்தேன். தப்புதான். ஆனா இருக்கு. என் கண்ணால பாத்தேன்."

பூசையாவது ஒன்றாவது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பூசைக்குப் போவதற்கு முன் நிக்கிதாஸ் எல்லாச் சட்டியையும் அடுப்பிலிருந்து எடுத்து, அடுப்படித் திண்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போவான். எந்தச் சட்டி யாருடையது என்று தெரிய, மூடிமேல் மாவாலேயே ஒரு அடையாளம் வைப்போம். எனக்கு நங்கூரம், எங்கள் ஓட்டல் பலகையில் இருப்பதேதான். கோடி வீட்டு ஃப்ளோராவுக்குச் சிலுவை. சூட்டில் மாவு உப்பிக் கருகினால் நங்கூரமும் சிலுவையும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஊர்க்காரர்களான நாங்கள் சட்டி இருக்கும் இடத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவோம். வெளியூர்க்காரி பாவம், நங்கூரம் என்று நினைத்துச் சிலுவையை உடைத்திருக்கிறாள்.

"இது என்னோடதே இல்ல" என்றேன். "என்னோடது அதோ, சுவரோரம். மாவு அப்படியே இருக்கு பாரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்படியானால் எலும்பு ஃப்ளோராவின் சட்டியில்! பதினொரு வருடமாகத் திருவிழாவுக்குத் திருவிழா பாதிரியார் முதல் கிளார்க் வரை "ஃப்ளோரா கைப்பக்குவமே தனி" என்று உருகுகிறார்கள். என் கடலையைத் தின்றுவிட்டு "நல்லா இருக்கு மோஸ்கா" என்று ஒப்புக்குச் சொல்வார்கள். கைப்பக்குவமாம், ஆட்டெலும்பு! மணிக்கூண்டில் ஏறிக் கத்த வேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஃப்ளோராவே வந்து நின்றாள். உடைந்த மாவைப் பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நான்தான்மா திறந்தேன்" என்றாள் எவாந்தியா. "இவங்க சட்டின்னு நெனச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"உள்ள என்ன பாத்த?"

"கொண்டைக்கடலை."

ஃப்ளோரா என் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தேன். எவாந்தியா என் முழங்கையை அழுத்தினாள். மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் செய்த மிகப் பெரிய தியாகம் அது.

இறங்கி வரும்போது அவள் நோட்டை எடுத்து எங்கள் ஓட்டல் பெயருக்கு எதிரே இரண்டு பச்சைப் புள்ளி வைத்தாள். நான் பார்த்தேன்.

"இன்னும் சாப்பிடவே இல்லையே?"

"ஊரான் வீட்டுச் சட்டிய உடைச்சிட்டேன். அந்த அளவுக்குப் போயிட்டேன் பாருங்க. இன்னைக்கு ஒரு வேளையாவது திறந்து பாக்காம சாப்பிடறேன்க்கா."

முதல் தடவையாக என்னை அக்கா என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டயர் கடை ஒழிந்தது என்ற சந்தோஷமும் அதில் பாதி, பொய் சொல்வானேன்.

பன்னிரண்டு மணிக்கு சிமோஸ் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உட்காரச் சொன்னால் தண்ணீர் எடுத்துவரப் போனான். தண்ணீர் வந்ததும் ரொட்டிக்குப் போனான். எவாந்தியாவின் பரபரப்பு இவனுக்குத் தொற்றிக்கொண்டது என்று கேலி செய்தேன். அவளோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாவை உடைத்தேன். ஆவி மேலே வந்தது. அவள் எட்டிப் பார்க்காமல் தட்டை மட்டும் நீட்டினாள்.

ஒரு கரண்டி போட்டேன். இன்னொரு கரண்டிக்கு அடியில் விட்டபோது ஏதோ டக்கென்று இடித்தது. சட்டியின் அடி அப்படி இடிக்காது, எனக்குத் தெரியும். நிமிர்ந்து சிமோஸைப் பார்த்தேன். அவன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தட்டில் ஆவி பறந்தது. கடலை வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. நோட்டில் புள்ளி காய்ந்தாயிற்று. இரண்டு மணிக்குக் கப்பல். நான் கரண்டியைக் கீழே வைத்து மூடிவிட்டால் போதும், இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவள் ரொட்டியைப் பிட்டுத் தட்டில் தோய்த்தாள்.

தட்டைப் பிடுங்கினேன். பாதி அவள் மடியிலேயே கொட்டியது.

"சாப்பிடாத! எலும்பு இருக்கு!"

கரண்டியால் தோண்டி எடுத்து மேசைமேல் போட்டேன். வெள்ளை வெளேரென்று ஒரு கணு எலும்பு. பிறகு நான் சிமோஸ்மேல் பாய்ந்தேன்.

"யோவ், என்னய்யா இது?"

"வழியில ஃப்ளோரா பாத்தா. வர்றவங்க ருசி பாத்துத்தான் புள்ளி வைப்பாங்க, இத போடுன்னு நல்ல மனசோட குடுத்தா" என்று முனகினான். "கறியா போட்டேன்? எலும்புதானே. இவங்க வந்து ஆக்டோபஸுக்கே அம்மா அப்பா கேட்டப்புறம்தான் பயந்துட்டேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல."

"அப்போ என் கடலைக்கு ருசி பத்தலன்னு முப்பது வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்திருக்க!"

அவன் குனிந்து கீழே சிந்திய கடலையைப் பொறுக்க ஆரம்பித்தான். அதுதான் பதில். ஓட்டல் போனதைவிட அந்த நிமிடம் அதுதான் எனக்கு வலித்தது. உட்கார்ந்து அழுதேன். எவாந்தியா எழுந்து பாவாடையைத் துடைத்தாள். உடனே நடக்க ஆரம்பித்தாள், மேசையிலிருந்து வாசல், வாசலிலிருந்து மேசை.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

"சொல்லாம இருந்தா நீ தின்னிருப்ப."

அவள் வெறும் ரொட்டியும் தக்காளியும் தின்றுவிட்டுக் கப்பலுக்குப் போனாள். நின்றபடியேதான் தின்றாள். நோட்டைத் திறக்கவில்லை. புள்ளியை அடித்தாளா விட்டாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று வாரம் கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். சிமோஸ் ஏதென்ஸுக்கு அண்ணனிடம் போன் பேசினான்.

ஜூலை முதல் வாரம் ஒரு குடும்பம் பெட்டிகளோடு மணலில் நடந்துவந்தது. அந்த அம்மாள் கையில் ஒரு தாள். எங்கள் பெயருக்கு எதிரே இரண்டு பச்சைப் புள்ளி. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மோஸ்கா நீங்கதானா? 'ஞாயிற்றுக்கிழமைக் கடலைக்கு மோஸ்காவே மாவு ஒட்ட வேண்டும், கணவரைப் பக்கத்தில் விடக் கூடாது. சந்தேகம் இருந்தால் மோஸ்காவைக் கேட்கவும், சொல்லிவிடுவார்' அப்படின்னு போட்டிருக்கே?"

"நான்தான்" என்றேன். சிமோஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போனான்.

செப்டம்பரில் எவாந்தியா நோட்டு இல்லாமல் வந்தாள். நாலு நாள் இருந்தாள். பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்து, எட்டிப் பார்க்காமல் தட்டை நீட்டினாள். நான்தான் இரண்டு தடவை கரண்டியை அடிவரை விட்டுத் துழாவிவிட்டுப் போட்டேன். இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் துழாவாமல் என்னால் பரிமாற முடிவதில்லை.