சூடம் அணைத்த பந்தயம்

என் தம்பியை ஓசூர் சந்தையில் 'குறுக்கால போனவன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வசவு. கோபம் வந்தால் கட்டுக்கு அடங்காத எருமையைக்கூட அப்படித்தான் திட்டுவோம். அவனுக்கு மட்டும் அது பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. ஒட்டவைத்தவர் பெங்களூர் மோட்டார் கிளப் ஒன்றின் காரியதரிசி.

பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய மோட்டார் சைக்கிள் தம்பியுடையது. அதை எடுத்துக்கொண்டு அந்தக் கிளப் நடத்திய பந்தயத்துக்குப் போனான். முதலில் வந்தான். கூடப் போன நான் தடத்துக்கு அடையாளமாகப் பீப்பாய் நிறுத்தியிருந்த திருப்பத்திலேயே நின்று, அவன் அதைச் சுற்றித்தான் போனான் என்று என் கண்ணால் பார்த்தேன். கோப்பை கொடுக்கிற நேரத்தில் காரியதரிசி எழுந்து, "இவன் பீப்பாய்க்கு உள்பக்கமா குறுக்கே போனான். செல்லாது" என்றார். கோப்பை இரண்டாவதாக வந்தவன் கைக்குப் போயிற்று. அவன் காரியதரிசியின் மகன்.

"யாருங்க பாத்தது?" என்று கேட்டேன்.

"கிளப் தீர்ப்பை யாரும் கேள்வி கேட்கக் கூடாது" என்று மேஜையைத் தட்டினார். அதுதான் அவர்கள் சட்டமாம்.

தம்பி வண்டியைச் சாக்குப் போட்டு மூடினான். கல்லாவி என்கிற ஊரில் அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார், "குறுக்கால போனவனுக்குப் பொண்ணு குடுத்தா ஊரு சிரிக்குமுங்க" என்று தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று மலைக்கோயிலுக்கு ஏறிப்போய், 'சாமி, அந்த ஆளை என் முன்னால கொண்டாந்து நிறுத்து. மத்ததை நான் பாத்துக்கறேன்' என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சங்கம் வைக்கிற ஆள் இல்லை. ஆனாலும் இரண்டு லாரிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பந்தயச் சங்கம் வைத்தேன். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஏரி கோடையில் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நாலு தார்ப் பீப்பாயை நிறுத்தினால் அதுவே தடம். பெங்களூர்க்காரர்களிடம் பந்தல் உண்டு, பாண்டு வாத்தியம் உண்டு. அவர்களிடம் இல்லாத ஒன்று எங்களிடம் இருந்தாக வேண்டுமே என்று யோசித்தேன். சூடம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் பந்தயத்தில் யார் என்ன சொன்னாலும் ஏரிக்கரை மாரியம்மன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியமாகச் சொல்ல வேண்டும். கொடி அசைப்பவன், பீப்பாய்க் காவல் நிற்பவன், குறை சொல்லி வருபவன் எல்லோருக்கும் அதே சட்டம். பெங்களூரில் 'பூசாரி ரேஸ்' என்று சிரித்தார்களாம். சிரிக்கட்டும் என்று விட்டேன். முதலில் லாரி டிரைவர்கள் வந்தார்கள், பிறகு ஆனேக்கல்காரர்கள். கடைசியில் அந்தக் கிளப் ஆட்களே கழன்று வர ஆரம்பித்தார்கள். "அங்க தோத்தா ஏன் தோத்தேன்னே தெரியாதுண்ணா. இங்க தெரியுது" என்றான் ஒருவன்.

ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று பார்க்கத்தான் ஒரு கோடையில் காரியதரிசியே காரில் வந்து இறங்கினார். மகனும் வண்டியோடு வந்திருந்தான். அவர் நெற்றியில் பட்டையாக விபூதி. எனக்கு அதைப் பார்த்ததும் தெம்பு வந்தது.

அன்று தம்பிதான் பீப்பாய்க் காவல். கிருஷ்ணகிரி டிரைவர் ஒருவன் முதலில் வந்தான், காரியதரிசி மகன் இரண்டாவது. அவர் அதே பழைய பேச்சை எடுத்தார். "அந்த டிரைவர் பீப்பாய்க்கு உள்ளே குறுக்கே போனான். நான் பார்த்தேன்."

"இல்லீங்க, வெளியதான் போனான்" என்று தம்பி சூடத்தை அணைத்தான்.

நான் இன்னொரு கட்டியைக் கொளுத்தி வைத்தேன். "இப்ப நீங்க அணைங்க சார்."

"நான் படிச்சவன்யா. இந்தக் கூத்தெல்லாம் என்கிட்ட வேண்டாம்."

"படிச்சவங்களுக்கும் இதே அம்மன்தாங்க."

"சாருக்குச் சூடு ஒத்துக்காதுடோய்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். அவர் ரோஷத்தோடு கையைத் தூக்கினார். அதற்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"ஒரு நிமிசங்க. அன்னிக்குப் பெங்களூர்ல என் தம்பியச் சொன்னீங்களே, அதுக்கும் சேத்து அணைங்க. ரெண்டும் ஒரே பேச்சுதானுங்களே."

கை அந்தரத்தில் நின்றது. மகன் தோல் தொப்பியைக் கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல், "பேடப்பா" என்றான். வேண்டாமப்பா என்று அர்த்தம். கன்னடம் புரியாத காது ஓசூரில் ஏது? அவர் கையை இறக்கினார். சூடம் தானாகவே எரிந்து அடங்கியது.

அவர் கார் சாலையைப் பிடிக்கிற அவசரத்தில் கரையைச் சுற்றாமல், பீப்பாய்களுக்கு உள்பக்கமாக ஏரியை வெட்டிக்கொண்டு போயிற்று.

"டேய், குறுக்கால போறாருடா!"

ஏரியே சிரித்தது. தம்பியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றோடு பட்டப்பெயர் காரில் ஏறிப் பெங்களூர் போய்விட்டது. நான் மலை ஏறித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். இது பாவமா என்று சாமியிடம் கேட்கவில்லை. கேட்டதைக் கொடுத்தது அவர்தானே.

விஷயம் கேள்விப்பட்டுக் கல்லாவிக்காரர் தாம்பூலத் தட்டோடு வந்தார். "பழசை மனசுல வெக்காதீங்க மாப்ள" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். மோர் கொடுத்து உபசரித்தேன். அவர் குடித்து முடித்ததும் தட்டை எடுத்து அவர் கையிலேயே வைத்தேன்.

"எங்க பையன் நேராத்தாங்க போறான். அந்த வழியில கல்லாவி இல்லீங்க."