இருபத்தோரு அங்குலம்

ஜூனியாட்டா ஆற்றில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வண்டி வேண்டும். ஒன்று இறங்கும் இடத்தில்; மற்றொன்று, நீரோட்டத்தோடு எட்டு மைல் போய்க் கரையேறும் இடத்தில். இருபத்தாறு வருடம் ஆரின் ஸைடர்ஸுக்கு அந்த இரண்டாவது வண்டியை ஓட்டியவள் அவர் மனைவி வெர்னா. மாலையில் கரையேறும் இடத்துப் பாலத்தடியில் குறுக்கெழுத்துப் போட்டபடி காத்திருப்பாள். அவள் இறந்த பிறகு ஆரின் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். காலையிலேயே அதைப் பாலத்தடியில் பூட்டி வைப்பார். மாலையில் ஈரக் கால்சட்டையோடு எட்டு மைல் மிதித்துப்போய் வண்டியை எடுத்து வருவார். மூன்று கோடைகள் இப்படியே போயின. ரயில் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற அறுபத்துமூன்று வயதுக்காரர். சில வாரங்களில் கடைக்காரிக்கு நன்றி சொல்வதைத் தவிர அவர் வாய்க்கு வேலையே இருக்காது.

ஜூலைக் கடைசி. தண்ணீர் வற்றிப் பாறைகள் முதுகு காட்டிக் கிடந்தன. ஒரு பாறைக்குப் பின்னால் நீர் சுழித்த இடத்தில் தூண்டிலில் மாட்டிய ரப்பர் இறாலை வீசினார். அது அடியைத் தொடுமுன்பே தூண்டில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. சுண்டினார். மீன் எகிறித் தலையை உதறியபோதே இது வேறு ரகம் என்று தெரிந்துவிட்டது. கயாக்கையே திருப்பி இழுத்தது. விட்டுப் பிடித்து, கடைசியில் அதன் கீழ்த்தாடைக்குள் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கினார். சின்னவாய்ப் பாஸ் மீன். வெண்கல உடம்பு, சிவந்த கண். அளவுப் பலகையில் இருபத்தோரு அங்குலம். ஆயுளில் அவர் பிடித்ததிலேயே பெரியது.

சுற்றிலும் பார்த்தார். ஒரு கொக்கு மட்டும் நின்றது.

அப்போது மேல்பக்கமிருந்து பச்சைக் கயாக் ஒன்று வந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் தூண்டில். யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லாத ஆரின் கூப்பிட்டார்.

“ஒரு நிமிஷம் இதப் பாத்துட்டுப் போறீங்களா?”

அவள் அருகே ஒதுங்கினாள். அளவைச் சொன்னார்.

“இருபத்தொண்ணா? வால இழுத்து வெச்சு அளந்தீங்களோ?”

“நீங்களே அளந்து பாருங்க.”

அளந்தவள் மெல்லச் சீழ்க்கை அடித்தாள். தன் போனை எடுத்துக்கொண்டு, “கொஞ்சம் சிரிங்க. மீனே உங்களவிட நல்லா வாயத் தெறந்திருக்கு” என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். படத்தை அனுப்புவதாகச் சொல்லி எண்ணை வாங்கிக்கொண்டாள். ஆரின் மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அது தெம்பு கொண்டு நழுவும்வரை குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவள் வளைவைத் தாண்டியிருந்தாள். பெயரைக் கேட்கவில்லை.

இரண்டு நாள் குளியலறைக்குக்கூடப் போனை எடுத்துப்போனார். மூன்றாம் நாள் படம் வந்தது. மீனின் வால் வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் அவர் முகம், வாய்விட்டுச் சிரித்தபடி. யாரோ தெரிந்தவரைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். வெர்னாவைப் பற்றி நாலு வரி எழுதி, அழித்துவிட்டு, நன்றி என்று மட்டும் அனுப்பினார். பதில் வரவில்லை. வேறு யாருக்காவது காட்டலாமென்று போனில் இருந்த எண்களைத் தள்ளிப் பார்த்தார். பல் மருத்துவர், டயர் கடை, சர்ச் அலுவலகம்.

அடுத்த சனிக்கிழமை அதே பாறையோரம் தூண்டில் போடாமல் அரைமணி நேரம் காத்திருந்தார். சிவப்புக் கயாக்கில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மீன் கடிக்கிறதா என்று கேட்டார்கள். ஏதோ கொஞ்சம் என்றார். அவர்கள் கடந்து போனார்கள். பிறகு ஆரின் தூண்டிலை எடுத்து வீசினார்.