ஒட்டுப்பால் டீம்

என் மேசை இழுப்பறையைத் திறந்தால் முதலில் வருவது ஒரு நாற்றம். அதற்குப் பிறகுதான் பேனா, பழைய சம்பளச் சீட்டு, மூக்குக் கண்ணாடி எல்லாம் கண்ணில் படும். ஒரு மூலையில் எலுமிச்சங்காய் அளவில் கறுத்த உருண்டை ஒன்று கிடக்கிறது. இறப்பர் மரத்தின் வெட்டுக் கோட்டிலும் சிரட்டையின் அடியிலும் உறைந்து நிற்கும் பாலை உரித்தெடுத்து உருட்டியது. எங்கள் பக்கத்தில் அதை ஒட்டுப்பால் என்போம். "வீசுங்கம்மா இத, வீடே நாறுது" என்று மகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். வீசத்தான் நினைக்கிறேன், கை வருவதில்லை. அது என் சித்தியுடையது.

சித்தி அம்மாவின் தங்கை. எஹலியகொடைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். தொண்ணூற்றிரண்டில் தோட்டங்களுக்கிடையிலான வலைப்பந்துப் போட்டியில் கேடயம் வாங்கிய ஏழு பெண்களில் பந்தை வளையத்துக்குள் போடுகிறவர் அவர்தான். ஏழு பேரும் பால்வெட்டுக்காரிகள். வாசிகசாலைச் சுவரில் அவர்களுடைய படம் தொங்கியது. ஒருத்தர் காலிலும் செருப்பில்லை, எல்லோரும் இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது எனக்கு நான்கு வயது. லொறி மேட்டில் ஏறி வந்ததும், யாரோ என்னைத் தூக்கி அந்தக் கேடயத்தைத் தொடச் சொன்னதும் மட்டும் ஞாபகம். இறுதி ஆட்டத்தில் பதினேழுக்குப் பதினாறு. அந்த ஒரு புள்ளியைப் பற்றித் தோட்டம் பதினைந்து வருடம் பேசியது. சித்தி பேசியதில்லை. பின்னேரம் வேலை விட்டு வரும் வழியில் மைதானத்தில் பிள்ளைகளிடம் பந்தை வாங்கி, வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பத்துத் தரம் வளையத்துக்கு எறிவார். பத்து முடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போய்விடுவார். எத்தனை விழுந்தது என்று யாராவது கேட்டால், "எண்ணல புள்ள" என்பார். எண்ணியிருப்பார் என்பது என் சந்தேகம்.

இரண்டாயிரத்தாறில் அதே போட்டியில் நாங்கள் வென்றோம். எங்களுக்குக் கன்வஸ் சப்பாத்து இருந்தது, முதுகில் இலக்கம் இருந்தது, விசில் ஊதிப் பழக்க டவுன் பாடசாலையிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். எங்கள் ஏழு பேரில் ஒருத்தியும் பால் வெட்டுகிறவள் இல்லை. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். இறுதி ஆட்டத்தில் முப்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு என்று எதிரணியைத் துவைத்தெடுத்தோம். கேடயம் தோட்டத்துக்கு வந்த அன்றே வாக்குவாதமும் கூடவே வந்து இறங்கியது. பழைய டீமா, புது டீமா? மடுவத்தில் பால் நிறுக்கிறபோதும், பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறபோதும் இதே பேச்சு. பழைய டீம் வாய் திறக்காமல் விளையாடும், ஒருத்தி எங்கே நிற்கிறாள் என்று மற்றவளுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும் என்றார்கள் பெரியவர்கள். சரிவான செம்மண் தரையில், மழையில், வெறுங்காலோடு ஆடியவர்கள் என்றார்கள். அந்தக் காலத்தில் எதிரே நின்றவர்களும் வெறுங்கால்தானே என்றோம் நாங்கள். இரண்டு காலத்து அணிகளை ஒரே தரையில் இறக்கிப் பார்க்க முடியாது என்பதால் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம். எனக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த வருடக் கோயில் திருவிழாவில் இதையே விவாத மேடைக்குத் தலைப்பாக வைத்தார்கள். புது அணிக்காகப் பேச என்னைக் கேட்டார்கள். பேசுவதற்கு விசயம் தேடித்தான் ஒரு பின்னேரம் சித்தியோடு மைதானத்தில் நின்றேன். விவாதம் என்று சொல்லவில்லை. சும்மா கேட்பது மாதிரி, "அன்னைக்கு எப்படி சித்தி ஜெயிச்சீங்க?" என்றேன். சித்திக்கு அதிசயமாக வாய் திறந்தது. "என்னத்த சொல்றது. காலைல வெட்டுக்குப் போயிட்டு அப்படியேதான லொறில ஏறுனோம். ஏறுன ஒடனே எல்லாரும் கையில ஒட்டுப்பால வச்சி உருட்டிக்கிட்டோம். அப்புறம் பந்து நாங்க சொன்னபடி கேட்டுச்சி." சொல்லிவிட்டுச் சிரித்தார். முன் பல் ஒன்று இல்லாத அந்தச் சிரிப்பை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், மனதுக்குள் மேடை ஏறிவிட்டேன்.

மேடையில் நான் நன்றாகவே பேசினேன். அதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. சப்பாத்து, பயிற்சி, புள்ளி வித்தியாசம் எல்லாம் சொல்லி முடித்து, கடைசிக்கு வைத்திருந்ததை எடுத்தேன். "பந்து ஏன் அவங்க கையை விட்டு நழுவல தெரியுமா? திறமையாலயா? இல்லீங்க, ஒட்டுப்பாலால! கையில பிசின் தடவிக்கிட்டு ஆடுனா நம்ம கோயில் பூசாரிகூட கேடயம் வாங்கலாம்!" பந்தலின் பின்னால் நின்ற இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். டவுனிலிருந்து வந்த நடுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தர் எழுந்து, "அது அப்படி இல்ல புள்ள, கையில பால் காஞ்சா..." என்று ஆரம்பித்தார். பழைய அணியில் ஆடியவர். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. "உங்க ஆட்டம் தொண்ணூத்திரண்டுலயே முடிஞ்சிருச்சி, ஒக்காருங்கம்மா" என்றேன். பந்தல் அதிர்ந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். சித்தி அவருக்குப் பக்கத்தில் இருந்தார், முந்தானையின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். சாக்கில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. பால் வெட்டுகிற யாரும் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போதே பார்த்தேன். பார்த்தும், பரிசுக் கோப்பை வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து பழைய அணிக்கு ஒட்டுப்பால் டீம் என்று பெயராகிவிட்டது. சந்திக் கடை முதலாளிகூட அரிசி நிறுத்துக்கொடுக்கும்போது "ஒட்டபாலு டீம்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாராம். வாசிகசாலையில் அந்தப் படத்தை யாரோ கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் "அவ கிட்ட வாங்கித் தின்னு வளந்தவடி நீ" என்று மட்டும் சொன்னார். சித்தி எப்போதும்போல வீட்டுக்கு வந்தார், பலாக்கொட்டை அவித்துக் கொண்டுவந்தார். ஆனால் மைதானத்து வழியாக வருவதை விட்டுவிட்டார். மேட்டைச் சுற்றி, வடிகானைத் தாண்டி, தூரமான பாதையால் வாளியைச் சுமந்துகொண்டு வருவார். அந்தப் பத்து எறிதலை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பரீட்சை முடிந்து சும்மா இருந்தவள் நான்தான். அம்மாவும் பால்வெட்டுக்காரிதான்; அவர் பங்கு மரங்களைச் சித்தி வெட்டிக்கொடுத்தார், பால் எடுக்க நான் போனேன். அதுவரை என்னை இறப்பர் மலைக்கு அனுப்பியதே இல்லை. பிள்ளை படிக்கட்டும் என்று இருவரும் என்னைப் பொத்தி வளர்த்தார்கள். ஒவ்வொரு சிரட்டையாக வாளியில் கவிழ்த்து, விரலால் வழித்து, அடுத்த மரத்துக்கு நடந்தேன். பத்து மணிக்குள் இரண்டு கையும் வெள்ளை உறை போட்டதுபோல் ஆகிவிட்டன. பால் காய்ந்து தோலை இழுத்தது, விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. ஓடையில் கழுவினேன், போகவில்லை. மண்ணில் தேய்த்தேன், மண்ணும் சேர்ந்து ஒட்டியது. பார்த்துக்கொண்டிருந்த சித்தி இடுப்புப் பையிலிருந்து ஒரு கறுப்பு உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "உருட்டு" என்றார். உருட்டினேன். காய்ந்த பால் எல்லாம் அந்த உருண்டையோடு ஒட்டிக்கொண்டு சுருள் சுருளாகக் கழன்று வந்தது. இரண்டு நிமிடத்தில் கை பச்சைப்பிள்ளை கைபோலச் சுத்தமாகிவிட்டது, ஒரு பிசுபிசுப்பு இல்லை.

லொறியில் நடந்தது என்ன என்று அந்த நிமிடம் கண்முன் வந்தது. மழையில் வெட்டு நின்ற நாள்களுக்கு ஈடாக, இறுதி ஆட்டம் நடந்த அந்த ஞாயிறும் வேலை வைத்திருக்கிறார்கள். மரத்தடியிலிருந்து நேராக மைதானத்துக்குப் போன பெண்கள், குலுங்குகிற லொறியில், இப்படி ஓர் உருண்டையைக் கைக்குக் கை மாற்றியிருக்கிறார்கள், பந்து கையில் ஒட்டாமல் இருக்க. அதிகாலையிலிருந்து நின்ற காலோடு போய் ஒரு புள்ளியால் வென்றிருக்கிறார்கள். நான் அந்தச் சுத்தத்தையே களவு என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியிருக்கிறேன். தலை நிமிர முடியவில்லை. சித்தி அடுத்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிச்சிருங்க சித்தி என்ற இரண்டு சொல் தொண்டைவரை வந்தது. "வாளி நெறஞ்சிருச்சி சித்தி" என்றேன்.

அதன்பின் சொல்வதற்கு எத்தனையோ நாள் இருந்தது. தைப்பொங்கல் மேடை இருந்தது, வாசிகசாலைக் கூட்டம் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சால்தான் நான் தோட்டத்தில் பெரிய ஆளாகியிருந்தேன். கல்யாணம், கருமாதி எதுவானாலும் "நம்ம பேச்சாளர் புள்ளைய கூப்பிடுங்க" என்பார்கள். பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாக என்னைச் சேர்த்துக்கொண்டதும் அதனால்தான். கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

இரண்டாயிரத்தொன்பதில் என்னிடம் படித்த பிள்ளைகள் கேடயம் வென்றார்கள். வென்ற அணிகளின் ஆண்டுகளை வாசிகசாலைச் சுவரில் வரிசையாக எழுதுவதென்று முடிவாகி, எழுதியும் விட்டார்கள். போய்ப் பார்த்தேன். மேலே இரண்டாயிரத்தாறு, அதற்குக் கீழே இரண்டாயிரத்தொன்பது. "தொண்ணூத்திரண்டு எங்க?" என்று கேட்டேன். தூரிகை வைத்திருந்த மாணவி சிரித்துக்கொண்டே, "அது ஒட்டுப்பால் டீம்தானே டீச்சர், நீங்கதானே சொன்னீங்க" என்றாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். விவாதம் நடந்தபோது பந்தலில் எங்கேயோ நின்று கேட்டிருக்கிறாள்.

பிள்ளைகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசியது பொய் என்றேன். எப்போது தெரியும் டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். மலையில் பால் எடுத்த அன்று என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. பிறகு தூரிகையை வாங்கி நானே எழுதினேன். மேலே இடமில்லை. தொண்ணூற்றிரண்டு எல்லாவற்றுக்கும் கீழே, கோணலாக, கடைசியாக வந்த அணிபோல நின்றது. அலுமாரிக்கு மேலே கிடந்த படத்தைத் தேடினேன். கரையான் ஏறி, நான்கு முகம்தான் மிச்சம் இருந்தது. சித்தியின் முகம் அதில் இல்லை.

கை கழுவாமலே சித்தியின் லயத்துக்குப் போனேன். அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். சுவரில் எழுதியதைச் சொன்னேன், பிள்ளைகளிடம் சொன்னதைச் சொன்னேன், மேடையில் தெரியாமல் பேசிவிட்டேன் என்றேன். சித்தி கத்தியைக் கீழே வைத்தார்.

"தெரியாமலா?" என்றார். "அவ எந்திரிச்சி சொல்ல வந்தப்ப, நீ அவ மொகத்தப் பாத்த. பெறகு என் மொகத்தப் பாத்த. அதுக்கப்புறந்தான் அவள ஒக்காரச் சொன்ன."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அழுதாவது இருப்பேன். சுவரில் எழுதிய நீலப் பெயிண்டு கையில் அரைகுறையாகக் காய்ந்திருந்தது. சன்னல் கட்டையில் இருந்த ஒட்டுப்பால் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். உருட்டிக்கொண்டே இருந்தேன்.

"பெயிண்டு அதுல போகாது புள்ள" என்றார் சித்தி. "பால் மட்டுந்தான் போகும்."

மறுபடி கத்தியை எடுத்துக் கிழங்கு உரிக்க ஆரம்பித்தார். நான் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். திருப்பிக் கொடு என்று அவர் கேட்கவில்லை. இன்று மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது அதன் ஒரு பக்கம் அவள் கண்ணில் படுகிறது. "இதுல ஏம்மா நீலமா இருக்கு?" என்று கேட்கிறாள். நான் இழுப்பறையை மூடுகிறேன்.